மதகுக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டிலுக்கடியில் கிடந்த முதலுதவிப் பெட்டியை வெளியே இழுத்தேன். பல்கூடத் துலக்கவில்லை. மேலே ஒரு வருடத் தூசி. ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளே இருந்தவற்றைப் பாயில் பரப்பிக் காலாவதித் தேதி பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தேன். தீப்புண் களிம்பு மூன்று ட்யூப், மூன்றும் பிப்ரவரியோடு முடிந்தவை. பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல் நன்றாக இருந்தன. வாயு மாத்திரை அட்டையில் நான்கு குறைந்திருந்தது. அதையும் தூக்கிப் போடும் குவியலில் வைத்தேன். அதற்குத் தேதி இன்னும் இருக்கிறது.

பதினோரு மணிக்கு வரதப்பன் வந்தார். உரக்கடைக்காரர், விழாக் குழுத் தலைவர். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"என்னம்மா கோதை, இந்த வருஷமும் முதலுதவிப் பந்தல் உன் பொறுப்புதான்."

"வேற யாரையாவது பாருங்க மாமா."

"வேற யாரு இருக்கா? ரெண்டு நாள் பயிற்சிக்குப் போயி சர்ட்டிபிகேட் வாங்கினவ நீ ஒருத்திதான். மத்ததெல்லாம் தீ சுட்டா டூத்பேஸ்ட் தடவுற கூட்டம்."

எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் தீமிதித் திருவிழாவை ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிறோம். கயிறு கட்டுவது, தண்ணீர் ஊற்றுவது, சமைப்பது, கூட்டத்தை ஒதுக்குவது எல்லாம் நாங்கள்தான். யாருக்கும் சம்பளம் இல்லை. ஆறு வருடமாகப் பந்தல் என்னிடம். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அதனால் என்னை எல்லோரும் டீச்சர் என்கிறார்கள். திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று யோசித்தபோது உளுந்து ஊறப்போட வேண்டும் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஊர் முனையில் பேனர் கட்டியிருக்கிறார்கள். அம்மன் படத்துக்குக் கீழே அவர் படம். "காப்புடன் அம்மன் திருவடி சேர்ந்த திரு. தணிகாசலம் அவர்களின் முதலாம் ஆண்டு நினைவாக." எங்கள் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். தோள் ஓரத்தில் என் புடவைக் கரை கொஞ்சம் தெரிகிறது.

தீ மிதிப்பவர்கள் பத்து நாள் முன்பே மணிக்கட்டில் மஞ்சள் நூல் காப்பு கட்டுவார்கள். கட்டிய பிறகு ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. எல்லை என்பது தார்ச்சாலையில் இருக்கும் மதகு. ஆஸ்பத்திரி, பேருந்து நிலையம் எல்லாம் மதகுக்கு அந்தப் பக்கம். தீ மிதித்து முடிந்து பூசாரி காப்பை அவிழ்த்த பிறகுதான் போகலாம்.

போன வருடம் தீமிதியன்று மத்தியானம் அவருக்கு நெஞ்சை அடைத்தது. விரதம், வெறும் வயிறு, வாயுதான் என்று மாத்திரை கொடுத்தோம். சோடாவும் கொடுத்தோம். பிறகு ஆம்புலன்ஸ் வந்து, கூட்டத்துக்குள் வர முடியாமல் மதகுக்கு அந்தப் பக்கம் நின்றது. காப்போடு எல்லை தாண்ட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பூசாரி கரகத்தோடு ஆற்றிலிருந்து திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அப்படித்தான் நடந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

முருங்கைக்கீரை வாங்கினேன். பாதி பூச்சி.

மே 1, வியாழன்

ஏழுமலை வந்திருந்தான். என் கொழுந்தன். நாளைக்கு அண்ணன் இடத்தில் காப்பு கட்டப்போகிறானாம். நாற்பத்தெட்டு வயது, மூன்று வருடமாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை.

"மாத்திரைய நிறுத்தக்கூடாது ஏழுமலை."

"காப்பு கட்டிட்டா அம்மன்தான் அண்ணி மாத்திரை."

"உனக்கு ஏதாவது ஆனா நூலை வெட்டிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவேன். இப்பவே சொல்லிட்டேன்."

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "வாணாம் அண்ணி. எங்கண்ணன் அவுக்கல. நான் அவுத்தா ஊர்ல எவன் மூஞ்சில முழிப்பேன்? அதுக்கு நான் செத்தே போலாம்."

அவன் மனைவி அஞ்சலாட்சி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். போகும்போது என் காதருகில், "பாத்துக்கோக்கா" என்றாள்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். சாதாரணமாக இருந்தது.

மே 2, வெள்ளி

காப்புக் கட்டு. நாற்பத்தொரு பேர். கட்டி முடிந்ததும் விழாக் குழுவிடம் ஒரே ஒரு விதி கேட்டேன். உயிருக்கு ஆபத்து என்று பந்தலில் இருப்பவர் சொன்னால் காப்பை உடனே அவிழ்த்து அனுப்ப வேண்டும். வரதப்பன் துண்டால் முகம் துடைத்தார்.

"காப்பு கட்டினவரு பூசாரி. அவுக்கவும் அவருதான் அவுக்கணும். அதுவும் தீ மிதிச்ச பொறவு. இதுல நீ என்ன, நான் என்ன?"

"பூசாரி ஆத்துல இருந்தா?"

"வர்ற வரைக்கும் அம்மன் காவலு."

பின்னாலிருந்து ஒருவர், "புருஷன் காட்டின வழி இருக்கு, பொண்டாட்டி வேற வழி கேக்குது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாதி பாராட்டாகத்தான் சொன்னார்.

இன்னொன்று கிடைத்தது. காப்புக்காரர்கள் பாக்கெட் உப்புக்கரைசல் குடிக்க மாட்டார்கள், விரதம் கெட்டுவிடுமாம். பானகம் குடிப்பார்கள். வெல்லத்தில் சர்க்கரை இருக்கிறது, உப்பு மட்டும் சேர்த்தால் போதும். அம்மன் பானகத்தில் ஒரு கல் உப்பு போடலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். "மோர்ல போடறோமே" என்றார்.

மே 4, ஞாயிறு

பரணில் இருந்த பழைய பருத்திச் சேலை இரண்டைத் துவைத்துக் காயப்போட்டுக் கட்டுத்துணியாகக் கிழித்தேன். வெயில் நூற்றாறு டிகிரி என்று டிவியில் சொன்னார்கள்.

மே 7, புதன்

பள்ளிக்கூட மைதானத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி. பதினெட்டுப் பேர் வந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கன்னியப்பன் இந்த வருடமும் அவசர வண்டி.

தீக்குழியின் நீளவாக்கில் இரண்டு வரிசைக் கயிறு. கயிற்றுக்குள் குழந்தையோடு யாரும் வரக்கூடாது. தீக்குழிக்கும் அதன் முடிவில் கால் நனைக்கும் பால்குழிக்கும் நடுவில் இரண்டு பேர் கைநீட்டி நிற்க வேண்டும். அங்கேதான் கால் இடறும். புண்ணில் சாணம், மஞ்சள், பேஸ்ட், மை எதுவும் கூடாது. இருபது நிமிடம் தண்ணீர் மட்டும். பழையபடி யாரும் கேட்கவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள்.

"டீச்சர், மயங்கி விழுந்தவன் வாயில தண்ணி ஊத்தக்கூடாதுன்றீங்க. சாவுறவனுக்கே ஊத்துறோமே" என்றான் கன்னியப்பன்.

"அவனும் அதனாலதான் சாவுறான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது போல வாய் மட்டும் அசைந்தது. ஒரு வருடத்தில் நான் சொன்ன முதல் நகைச்சுவை இதுவாக இருக்கலாம்.

மாலையில் சாக்கு ஊசி வாங்கினேன். சிலிண்டர் வந்தது.

மே 9, வெள்ளி

ஏழுமலை விறகு சுமப்பதைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. ஒரு வேளைதான் சாப்பிடுகிறான், அதுவும் பச்சரிசிச் சோறு. மாத்திரை எட்டு நாளாக இல்லை. பானகம் நீட்டினேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

"முழுசும் குடி."

"நாளன்னிக்குத் தீ மிதிச்சிட்டு மொத்தமா குடிக்கிறேன் அண்ணி. குடத்தோட வெய்யுங்க."

நிவேதா சென்னையிலிருந்து பேசினாள். அலுவலகத்தில் விடுப்பு இல்லையாம், திருவிழாவுக்கு வரவில்லை. "பேனர்ல அப்பா படம் பார்த்தேன்மா, சித்தப்பா அனுப்பினாரு. பெருமையா இருந்தது" என்றாள். ஆமாம் என்றேன்.

மே 11, ஞாயிறு

காலை ஐந்தே முக்கால். டிரம் இரண்டும் நிறைத்தாயிற்று. ஐஸ் பெட்டி குளிர்பானக் கடையில். காற்றே இல்லை.

மே 12, திங்கள்

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதினால் போதும்.

நேற்று மூன்று மணி சுமாருக்குப் பந்தலில் ஒரு கிழவருக்குக் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். அஞ்சலாட்சி ஓடி வந்தாள். "அக்கா, அவரு என்னமோ மாதிரி பேசுறாரு."

தீக்குழி ஓரம் நீளக் கழியால் கங்கு தள்ளும் வேலையை ஏழுமலைக்குக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு மணியிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறான். போனபோது தரையில் உட்கார்ந்து, "அண்ணன் சாப்டாச்சா, அண்ணன் எங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கழுத்தைத் தொட்டேன். கொதித்தது. வியர்வை ஒரு பொட்டு இல்லை.

நான்கு பேர் சேர்ந்து பந்தலுக்குத் தூக்கினோம். சட்டையைக் கழற்றி ஈரத்துணி போர்த்தி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வைத்தோம். இரண்டு பெண்கள் அட்டையால் விசிறினார்கள். மூன்று பதினைந்துக்குக் கண் மேலே செருகிக் கைகால் வெட்டி இழுத்தது. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நின்ற பிறகு கூப்பிட்டால் முனகல் மட்டும்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இப்பவே" என்றேன்.

வரதப்பன் வந்துவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. "பூசாரி ஆத்துக்குப் போயிருக்காரும்மா. அஞ்சரைக்குக் கரகம் வந்துரும். வந்ததும் மொத ஆளா அவுக்கச் சொல்றேன்."

"மணி மூணு இருபது மாமா."

"தெரியுது."

யாரோ சொன்னார்கள்: "அண்ணன் தாங்கினான். தம்பி தாங்க மாட்டானா?"

கன்னியப்பன் ஆட்டோவைப் பந்தல் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஆனால் இறங்கி நின்றான். "டீச்சர், என்ன வேணா சொல்லுங்க செய்றேன். கையில காப்போட மதகத் தாண்ட மட்டும் சொல்லாதீங்க. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவன் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். மஞ்சள் காய்ந்து நூல் விறைத்திருந்தது. ஒரே வெட்டில் அறவில்லை, மூன்று முறை வெட்டினேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. பிடிப்பார்கள் என்று நினைத்தேன். உடுக்கைச் சத்தம் மட்டும் கோயில் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. நூலோடு கட்டியிருந்த மஞ்சள் கிழங்கு கீழே உருண்டது. வரதப்பன் குனிந்து அதை எடுத்துக் கண்ணில் ஒற்றித் துண்டில் முடிந்துகொண்டார்.

கன்னியப்பன் ஏறி உட்கார்ந்து, பின்னால் பார்க்கும் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டான். "நான் எதையும் பாக்கல" என்றான். வழி முழுக்கச் செம்பால் தண்ணீர் மொண்டு ஏழுமலை மேல் ஊற்றிக்கொண்டே போனோம். மதகு வந்தபோது அஞ்சலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு சின்னத் தூக்கல், பிறகு மறுபடி சாலை. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உடம்புச் சூடு நூற்றாறு இருந்தது. எப்போது ஆரம்பித்தது, வலிப்பு எத்தனை மணிக்கு, என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னேன். இன்று காலை ஏழு மணிக்கு ஏழுமலை அஞ்சலாட்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் பின்னலில் ஒட்டியிருந்த சருகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிடலாமா என்று தோன்றியது.

மே 13, செவ்வாய்

தீமிதியில் ஒரு பெண் பால்குழி விளிம்பில் இடறி விழுந்து முழங்காலில் சுட்டுக்கொண்டாளாம். கைநீட்டி நிற்கவேண்டிய இருவரில் ஒருவர் ஏழுமலையைத் தூக்கி இறக்க எங்களோடு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஊரில் வேறு கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"அம்மன் பேர விட டீச்சர் பேருதான் அதிகமா அடிபடுது" என்றான் கன்னியப்பன், இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு. "என் பேரு இன்னும் வரல. வந்தா சொல்றேன்."

ஏழுமலைக்கு இன்று நன்றாக நினைவு திரும்பியது. ஊசி குத்திய கையைப் பார்த்தான். பிறகு காப்பு இருந்த கையை. மணிக்கட்டில் வெளிறிய ஒரு கோடு மட்டும் இருந்தது. கோட்டை விரலால் தேய்த்தான்.

"யாரு?"

"நான்தான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். போய்விடலாம் என்று எழுந்தபோது பேசினான்.

"எங்கண்ணன் உசுர விட்டாரு, காப்ப விடல. பக்கத்துல இருந்து பாத்தவங்க நீங்க. தெரிஞ்சும் என்ன மட்டும் ஏன் அண்ணி இப்படி ஆக்கிட்டீங்க?"

அஞ்சலாட்சி, "உசுரோட இருக்கியே, அது பத்தாதா உனக்கு" என்று கத்தினாள். நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னாள்.

மே 14, புதன்

வீட்டுக்கு வந்தேன். மாவு புளித்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்து காய்ந்திருந்தது. சுரண்டிக் கழுவினேன்.

மாலையில் வரதப்பனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

"நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லல கோதை. புள்ள பொழச்சான். ஆனா ஊர்னு ஒண்ணு இருக்குல்ல? வெள்ளிக்கிழம காலையில எட்டு மணிக்கு எல்லாரும் கூடுறோம். அம்மன் முன்னாடி நின்னு தப்பு பண்ணிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. ஒரு தேங்கா. முடிஞ்சுது. ஏழுமலையையும் அன்னிக்குக் காலையில கூட்டியாந்துருவாங்க. அவன் அடுத்த வருஷம் திரும்பக் கட்டறேன்னு வேண்டிக்கிறான்."

"திரும்பவா?"

"அண்ணன் மாதிரி இருந்து காட்டறேன்றான். மகனுக்கும் பதினெட்டு ஆயிடுமாம், ரெண்டு பேருமா கட்டுறோம்னு சொல்றான். என்ன சொல்ற?"

காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மூவரும் அப்படியே குடித்தார்கள்.

அவர்கள் போன பிறகு ஏப்ரல் 29 அன்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அது சரியில்லை. மாத்திரை கொடுத்தோம் என்று எழுதியிருக்கிறேன். நான் கொடுத்தேன். இரண்டு மணிக்கு இரண்டு, மூன்று மணிக்கு இரண்டு. வாயு என்று பந்தல் பதிவேட்டில் எழுதியதும் என் கையெழுத்துதான்.

அவர் மறுக்கவும் இல்லை.

நான்கு மணிக்கு அவருடைய சட்டை முழுவதும் நனைந்திருந்தது. பந்தலில் நானும் அவரும் மட்டும். மற்றவர்கள் கரகம் வருவதைப் பார்க்கத் தெருமுனைக்குப் போயிருந்தார்கள். என் கையைப் பிடித்து, "கோதை, இத அவுத்துடு. போயிடலாம்" என்றார். ஆம்புலன்ஸ் மதகில் நிற்பது எனக்குத் தெரியும். நான், "இருங்க, பூசாரி வந்துடட்டும்" என்றேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எதுவும் யோசிக்கவில்லை. முறை அது என்பதால் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அவுத்துடு கோதை" என்று மறுபடி சொன்னார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை சொல்லவில்லை.

எல்லோரும் ஓடி வந்தபோது யாரோ, "கடைசி வரைக்கும் காப்ப அவுக்க விடலையா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, ஆமாம் என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியாது. அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒரு வருடம், பேனர் வரைக்கும், நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மே 15, வியாழன்

பள்ளிக்கூடம் போய் ஆய்வகத்தில் பியூரெட்டுகளைக் கழுவி வைத்தேன். ஒன்று உடைந்தது. உடைந்ததைப் பதிவேட்டில் எழுதினேன்.

திரும்பும் வழியில் ஒரு தேங்காய் வாங்கினேன். கடைக்காரர் தட்டிப் பார்த்து நல்லதாக எடுத்துக் கொடுத்தார். "தப்பு ஒண்ணுமில்ல டீச்சர், சொல்லிட்டு வந்துடுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

அஞ்சலாட்சி இரண்டு முறை போன் செய்தாள். "நீ போகாதக்கா. நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" போவேன் என்று மட்டும் சொன்னேன். என்ன சொல்லப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நிவேதாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. அவள் வேறு யாரிடமாவது கேட்பதற்குள் நாளைக்கே கூப்பிட வேண்டும்.

நாளை எட்டு மணிக்குத் தேங்காய் உடைப்பேன். தப்பு பண்ணிவிட்டேன் என்றும் சொல்வேன். எந்த வருடத்துத் தப்பு என்பதையும் சொல்லிவிடுவேன். அவர் அவிழ்க்கச் சொன்னார், இரண்டு முறை சொன்னார், நான்தான் அவிழ்க்கவில்லை. அதற்குப் பிறகு பேனரை என்ன செய்வார்கள், என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், பயம் வரவில்லை. வர நாளாகும் போலிருக்கிறது.

ஏழுமலைக்குக் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். கூட்டத்தில் அவன் எங்கே உட்காருவான் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.